உள்ளே எத்தனை பேர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இது நடந்தது. தேதி இருக்கிறது, நிமிடக் கணக்கில் நேரம் இருக்கிறது, அந்த நேரங்கள் அச்சான காகிதமும் இருக்கிறது. 1986 ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை. நட்ட நடுப்பகல். மதுரையிலிருந்து மேலூர் போகிற சாலையில் இருந்த ஒரு நூற்பு மில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அந்த மில்லில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பீரோ அளவு. அதற்கென்று ஏ.சி. அறை, ஒரு ஜன்னல், ஓயாமல் தாள் துப்பும் ஒரு பிரின்டர். அதைச் சீர்படுத்த வந்தவன் அழகுமலை. டி. கல்லுப்பட்டிப் பக்கத்துப் பையன், இருபத்தேழு வயது, மெட்ராசில் இருந்த நிரந்தர வேலையை உதறிவிட்டு வந்தவன். உலகத்தில் அவனுக்குப் பிடிக்காதவை இரண்டு. ஒன்று, வேலை செய்யாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பொருள். இன்னொன்று, அப்படி இருக்கும் ஆள்.

கம்ப்யூட்டரின் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும். நூற்பு மில்லில் காற்று காய்ந்துபோனால் நூல் படபடவென்று அறும். அதனால் ஒரு பெரிய ஃபேன் ஈரக்காற்றை ஷெட்டுக்குள் தள்ளும். அதே காற்றைத் தரைக்கு அடியில் இருக்கும் ஒரு கால்வாய் வழியாகத் திரும்ப உறிஞ்சும். ஆள் குனிந்து நடக்கிற அளவு கால்வாய். மில்லில் அதற்கு டிரெஞ்சு என்று பெயர். திரும்புகிற காற்றோடு பஞ்சும் வரும், டிரெஞ்சு முழுக்கப் படியும். அதை ஆள் இறங்கித்தான் கூட்ட வேண்டும். ஃபேனை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்பது கம்ப்யூட்டரின் பொறுப்பு.

ஒரு ஃபேனைப் பார்த்துக்கொள்ள எவ்வளவு மூளை வேண்டும்? அந்தக் கம்ப்யூட்டரின் மொத்த நினைவகம் அறுபத்து நான்கு கே. ஒரு கே என்றால் ஆயிரத்துச் சொச்சம் எழுத்து. அதில் நாற்பத்தெட்டு கே-யை ஆப்பரேட்டிங் சிஸ்டமே தின்றுவிட்டது. விற்ற கம்பெனி, எந்த ஊரில் எவன் எதைக் கேட்டாலும் அதை எழுதி இதிலேயே ஒட்டிவைத்திருந்தது. சர்க்கரை ஆலைக்காரன் கேட்டது, துறைமுகக்காரன் கேட்டது, எல்லாம் மதுரை மில்லுக்குள் வந்து குந்தியிருந்தன. இரண்டாவது ஷெட்டின் ஃபேனையும் இதில் சேர்க்க வேண்டும் என்று மில் கேட்டபோது, இடம் பத்தாது, புதிதாக நினைவகம் வாங்குங்கள் என்று கம்பெனி கை விரித்தது.

அழகுமலை அச்சடித்த பட்டியலை ஒரு நாள் முழுக்கப் புரட்டினான்.

“இது ஆப்பரேட்டிங் சிஸ்டம் இல்ல சார். கல்யாண மண்டபம்” என்றான் மேனேஜரிடம். “தாலி கட்ட ரெண்டு பேரு, மந்திரம் சொல்ல ஒருத்தரு. மிச்ச முந்நூறு பேரு பந்திக்கு வந்தவன். நான் இத நாலு கே-ல எழுதித் தாரேன்.”

“ஆகலைன்னா?”

“ஆகலைன்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிடுறேன்.”

அவன் சொன்னதில் தவறில்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் நடுவே கெர்னல் என்று ஒரு கரு உண்டு. அது உண்மையில் செய்ய வேண்டியது மூன்றே வேலை. ஓடுகிற வேலைகளில் இப்போது யார் முறை என்று சொல்வது. யாருக்கு எவ்வளவு இடம் என்று பிரித்துக் கொடுப்பது. ஒரு வேலை இன்னொன்றுக்கு அனுப்பும் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் வெளியே நின்று, தேவைப்பட்டால் வந்து போக வேண்டியவை. அழகுமலை ஒரு நீளத் தாளில் எந்தப் பகுதி எந்தப் பகுதியைக் கூப்பிடுகிறது என்று கோடு போட்டான். கோடு வந்து சேராத பகுதி செத்த பகுதி. அதை வெட்டினான். நான்கு நாளில் நாற்பத்து நான்கு கே போயிற்று. மிச்சத்தைத் தானே புதிதாக எழுதினான். இவ்வளவு அழகான வேலையை அந்த மில்லில் புரிந்துகொள்ள ஒரு ஆளில்லை என்பதுதான் அவனுக்குக் குறை.

வெட்டியதில் ஒன்று, அறுநூற்றுப் பன்னிரண்டு எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு. யாரும் அதைக் கூப்பிடவில்லை. அதுவாகப் பதினேழு நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கும். பிரின்டரில் நேரத்தை அடித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடும். அறையில் ஆப்பரேட்டராக இருந்த சோலையம்மாள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு ஒரு எண்ணைத் தட்டுவாள். பெரும்பாலும் பூஜ்யம். துண்டு மறுபடி தூங்கிப்போகும்.

“என்னக்கா இது, மெஷின் உங்களக் குசலம் விசாரிக்குதா?”

“எனக்கென்ன சார் தெரியும். கேக்கும், எண்ணிப் போடுவேன்.”

“என்னத்த எண்ணி?”

“ஆணியில தொங்குறத.”

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. வெட்டினான். கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். ஜன்னலுக்கு எதிரே டிரெஞ்சின் வாய். பக்கத்துச் சுவரில் ஒரு வரிசை ஆணி. உள்ளே இறங்குகிறவன் தன் பித்தளை டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். சோலையம்மாள் எண்ணித் தட்டுவாள். எண் பூஜ்யமாக இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஃபேனை நிறுத்தும், எல்லோரும் ஏறிவந்து டோக்கனை எடுக்கும்வரை ஓட்டாது. டோக்கனை மாட்டிவிட்டு வாயோரமாகக் கூட்டத் தொடங்கினால், அடுத்த கேள்விக்கு ஃபேன் தன்னால் நிற்கும்... இது அந்த மில்லில் சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி. யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஆம், அந்தத் துண்டைக் கம்ப்யூட்டருக்குள் யாரும் கூப்பிடவில்லைதான். அதைக் கூப்பிட்டவர்கள் கம்ப்யூட்டருக்கு வெளியே இருந்தார்கள். அவர்கள் அவன் போட்ட தாளில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மில்லுக்கு வார விடுமுறை. பகல் ஒன்றரை மணிக்குப் பாதி ஷெட்டை ஓட்டி, மேனேஜர் முன்னால் சோதனை. காலை பதினொன்றுக்கே அழகுமலை புது கெர்னலை ஏற்றிவிட்டான். ஓடும் வேலைகள் மூன்று. திரையில் மூன்றும் வரிசையாக நின்றன. அறை ஜில்லென்று இருந்தது. நாற்காலியில் சாய்ந்தான்.

12:17. பிரின்டர் டர்ரென்றது.

தாளில் நேரம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

சோலையம்மாள் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தாள். ஆணிகள் காலி. பூஜ்யம் தட்டினாள்.

“பழைய குப்பை எங்கயோ ஒட்டிக்கிட்டு இருக்கு” என்றான் அழகுமலை. நினைவகம் முழுவதையும் பூஜ்யத்தால் துடைத்தான். அறுபத்து நான்கு கே-யும் வெறுமை. அதன்மேல் தன் நான்கு கே-யை மட்டும் ஏற்றினான்.

12:34. டர்ர். கேள்விக்குறி.

பிரின்டருக்குள் கொஞ்சம் சேமிப்பு இடம் உண்டு, அதில் தங்கியிருக்கும் என்று தனக்கே விளக்கிக்கொண்டான். பிரின்டரை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போட்டான். கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டினான்.

12:51. டர்ர். கேள்விக்குறி.

இப்போது அவன் தன் நான்கு கே முழுவதையும் எண்களாக அச்சடித்து எடுத்தான். நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு எழுத்து. ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்துப் போனான். ஒவ்வொன்றும் அவன் எழுதியது. கேள்விக்குறி போடு என்று எதுவும் சொல்லவில்லை. நேரத்தை அடி என்றும் எதுவும் சொல்லவில்லை.

“அக்கா, அடுத்த தடவை நீங்க எதையும் தொடாதீங்க.”

சோலையம்மாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

1:08. டர்ர். கேள்விக்குறி...

சற்று இடைவெளி. யாரோ எட்டிப் பார்த்து எண்ணுகிற அளவு இடைவெளி.

பிறகு பக்கத்தில் ஒரு எண் தானாக விழுந்தது. 2.

“நான் தொடல சார்” என்றாள் அவள்.

அவள் தொடவில்லை என்பதை அவனே பார்த்தான். இருந்தும், “தொட்டிருந்தாலும் ஒத்துக்கவா போறீங்க” என்றான். அவள் எதிரே இருந்த ஆணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனையும் காலி.

1:25. கேள்விக்குறி. 2.

1:30-க்கு மேனேஜர் வந்தார். அழகுமலை ஒரு விசையைத் தட்டினான். இருநூறு அடி தள்ளி, ஷெட்டின் மறுகோடியில், ஃபேன் உறுமிக்கொண்டு எழுந்தது. காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. மேனேஜர் திரையில் இருந்த மூன்று வரியையும் பார்த்தார்.

“இம்புட்டுத்தானா?”

“இம்புட்டுத்தான் சார் தேவை. இத்தனை நாளா நீங்க சுமந்தது மிச்சம்.”

மேனேஜர் சிரித்தபடி போனார். பஸ் ஏறுகிற பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று.

1:42. 2.

1:59. 2.

2:16. 2.

சோலையம்மாள் எழுந்தாள். “உள்ள யாரும் இருக்காங்களான்னு ஒரு வார்த்த கேளுங்க சார். ஃபேன் ஓடுது.” சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்க வெளியே போனாள்.

அழகுமலை ஃபேன் ரூமுக்குப் போன் போட்டான். எடுத்தவர் காளை. டிரெஞ்சு கூட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி, நாற்பது வயது, மேலூர்க்காரர்.

“அண்ணே, உங்க ஆளுக எல்லாம் எங்க?”

“லீவு சார். நான் ஒருத்தேன்தான். டீ குடிச்சிக்கிட்டு இருக்கேன். என்ன சார்?”

“உள்ள ரெண்டு பேரு இருக்காங்கன்னு மெஷின் சொல்லுது.”

காளை டீ டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. “நான் வேணா ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வரவா?”

“போங்களேன். பேய் கீய் இருந்தா ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு வாங்க. பயமா இருந்தா சொல்லுங்க, அந்தக்காவை அனுப்புறேன்.”

“எனக்கென்ன சார் பயம்” என்றார் காளை. குரலில் சிரிப்பு இல்லை.

அழகுமலை போனை வைத்தான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தான். தன் எண்களை மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தான்.

2:31. சோலையம்மாள் திரும்பி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“சார், ஆணியில காளையண்ணன் டோக்கன் தொங்குது.”

“தொங்கட்டும்.”

“ஃபேன் நிக்கலையே சார்.”

“எதுக்கு நிக்கணும்?”

அவள் சொன்னாள். மூன்றே வாக்கியம். அந்தத் துண்டு எதற்கு என்று ஐந்து நாளில் முதல் தடவையாக அழகுமலைக்குத் தெரிந்தது.

விசைப்பலகையில் பாய்ந்தான். ஃபேனை ஓட்டத்தான் கட்டளை எழுதியிருந்தான். நிறுத்துகிற கட்டளையைத் திங்கட்கிழமைக்குத் தள்ளியிருந்தான். கம்ப்யூட்டரையே அணைத்தாலும் பயனில்லை. ஒருமுறை ‘ஓடு’ என்று சொல்லிவிட்டால் ஃபேனின் சுவிட்ச் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கையால் இறக்கும் மெயின் சுவிட்ச் ஃபேன் ரூமில்.

ஓடினான்.

இருநூறு அடி. இரண்டு பக்கமும் இயந்திரங்கள். கத்தினால் அவனுக்கே கேட்காது.

காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது.

தரைக்குக் கீழே காளை.

ஃபேன் ஓடும்போது டிரெஞ்சில் வாய்ப் பக்கத்தைவிட ஃபேன் பக்கம் உறிஞ்சல் பல மடங்கு. கால் வழுக்கினால் ஃபேனுக்கு முன்னால் இருக்கும் கம்பி வலையில்தான் போய் ஒட்ட வேண்டும். பஞ்சு முகத்தில் வந்து அடையும். வலைக்குப் பக்கத்தில் ஃபேன் ரூமுக்குத் திறக்கும் கதவை உள்ளிருந்து தள்ள முடியாது, காற்றே அதைச் சாத்திப் பிடித்திருக்கும்.

இதெல்லாம் அவனுக்குத் தெரிந்த கணக்குத்தான்.

2:34. சுவிட்சை இறக்கினான்.

ஃபேன் முனகியது... சுழன்றது... நின்றது.

கதவுக்குப் பின்னால் சத்தமில்லை.

இழுத்தான்.

காளை அவன்மேல் சரிந்தார். முகம் முழுக்க வெள்ளை. மூக்கு தெரியவில்லை. அழகுமலை விரலைவிட்டு வாயிலிருந்து பஞ்சைத் தோண்டினான். ஒரு பிடி. இன்னொரு பிடி. 2:38-க்குக் காளை மூச்சு இழுத்தார்.

அப்புறம் முதலில் கேட்டது இதைத்தான்.

“அவுக ரெண்டு பேரும் வந்துட்டாகளா?”

“யாரு?”

“உள்ள உக்காந்திருக்காக சார். வலையில சாஞ்சு... நான் கூப்பிட்டேன். பெரியவரு நிமிரல. சின்னப் பய மட்டும் பாத்தான்.”

அழகுமலை டார்ச்சோடு உள்ளே எட்டிப் பார்த்தான். இருநூறு அடி நீளமும் தெரிந்தது.

பஞ்சு.

வேறெதுவும் இல்லை.

காளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு அவன் அறைக்குத் திரும்பவில்லை. மறுநாள் காலை வந்தபோதுதான் தாளைப் பார்த்தான். இரவெல்லாம் அச்சாகித் தரையில் மடிந்து கிடந்தது. மேலிருந்து படித்தான்.

2:16-க்கு 2.

2:33-க்கு 3.

2:50-க்கு 2.

அதன்பின் இரவு முழுக்க 2. கடைசி வரி காலை 7:50. அதிலும் 2. அதற்குப் பிறகு பிரின்டர் தானாக எதையும் அடிக்கவில்லை.

பழைய சிஸ்டத்தைத் திரும்ப ஏற்றிவிடலாம் என்று அன்றே மேனேஜரிடம் போய்ச் சொன்னான். டோக்கன் விஷயத்தைச் சொன்னான். தாளைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் தன்னை என்ன நினைப்பார் என்று யோசித்தான்.

“நாலு கே-ல ஓடுதுல்ல? அந்தக் குப்பைய எதுக்குய்யா மறுபடி கொட்டச் சொல்ற” என்றார் மேனேஜர். “நிறுத்துற கட்டளைய எழுதிக் குடுத்துட்டுப் போ. டோக்கன எண்ணுறதுக்கு ஒரு மெஷினா? அத ஆளே பாத்துக்கிடுவான்.”

சொன்னது அத்தனையும் அழகுமலையின் சொந்த வசனம். கட்டளையை எழுதிக் கொடுத்தான். இன்னும் ஒரே ஒரு பக்கம் எழுதியிருந்தால் கேள்விக்குறியும் திரும்ப வந்திருக்கும். எழுதவில்லை. நான்கு கே என்று சொன்னது நான்கு கே-யாகவே இருக்கட்டும் என்று விட்டான். சோலையம்மாளை மில்லின் வேறு பகுதிக்கு மாற்றினார்கள். கேள்வி கேட்காத மெஷினுக்குப் பதில் சொல்ல ஆள் எதற்கு? அவன் மெட்ராசுக்குப் பஸ் ஏறினான்.

போவதற்கு முன் மில்லின் விபத்துப் பதிவேட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து பார்த்தான். மில் கட்டிய நாளிலிருந்து அந்த டிரெஞ்சில் ஒருவர்கூடச் செத்ததில்லை.

1989 ஏப்ரலில் காளையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருந்தார். மார்ச் 14, செவ்வாய்க்கிழமை மத்தியானம், டிரெஞ்சில் ஆள் இருக்கும்போது ஃபேனைப் போட்டுவிட்டார்கள். இரண்டு பேர். டோக்கன் இரண்டும் ஆணியில்தான் தொங்கின, பார்க்க ஆளில்லை. கதவை இழுத்துத் திறந்தது காளை. இருவரும் வலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் சிவனாண்டி. சின்னவன் சுருளி, பத்தொன்பது வயது, வேலைக்குச் சேர்ந்தே ஒரு வருடம்தான். “அன்னைக்கு நான் பாத்தது இவுக ரெண்டு பேரையும்தான் சார். சத்தியமாச் சொல்றேன்” என்று முடிந்தது கடிதம்.

அழகுமலை ஊருக்கு வந்தான். கொட்டாம்பட்டிப் பக்கம் சுருளி படித்த பள்ளிக்கூடத்தை விசாரித்துக்கொண்டு போனான். 1986 ஆகஸ்டில் அந்தப் பையன் பத்தாம் வகுப்பு. 22-ஆம் தேதி பிற்பகல் அவன் எங்கே இருந்தான் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்தான்.

தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். பிற்பகல், வந்திருக்கிறான். அதற்கு எதிரே சிவப்பு மையில், மூச்சுத் திணறல், வீட்டுக்கு அனுப்பப்பட்டான் என்று எழுதியிருந்தது.

கணக்கு வாத்தியாருக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. இரண்டரை மணிப் பீரியடு. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் திடீரென்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தானாம்.

“வாய்க்குள்ள விரல விட்டுத் தோண்டினேன் தம்பி” என்றார். “பிடி பிடியாப் பஞ்சு வந்துச்சு.”